மூன்று நிறம் பூசிய இம்பெல்லர்

அன்று பம்ப் ஹவுஸில் இருந்தவர்கள் ஏழு பேர். எங்கள் ஆபீஸ் முதலாளி சத்தியநேசன் ஸார். அவரிடம் வேலை பார்த்த இளம் என்ஜினியர் அனில். பம்ப் ஆபரேட்டர் செல்லப்பன் அண்ணன். விவசாயிகளின் பாசனக் கமிட்டிக்குப் பிரசிடன்ட் கேசவன் அண்ணன். அவரோடு எல்லா இடத்துக்கும் வந்து எந்த இடத்திலும் வாய் திறக்காத கமிட்டிப் பொருளாளர். பம்புக்கு இம்பெல்லர் வார்த்துக் கொடுத்த என் தம்பி மணியன். பிறகு நான், சரோஜம். வாசலில் ஒரு ஆடும் நின்றது. அது செல்லப்பன் அண்ணனுடையது, கணக்கில் சேராது.

இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுற்றுகிற இறக்கைச் சக்கரம். அதுதான் தண்ணீரை இழுத்து மேலே தள்ளுவது. ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பம்பில் மணியனின் இம்பெல்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்து போயின. அன்றைக்கு மூடியைக் கழற்றினால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். தண்ணீரில் வருவது வெண்கலத்தைத் தின்கிறது, அல்லது தம்பி வார்த்த வெண்கலமே மோசம். இரண்டாவது என்றால், தனுவச்சபுரத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அவனுடைய வார்ப்புக் கொட்டகையை மூட வேண்டியதுதான். கள்ளச் சரக்கு வார்த்தவன் என்று பேர் விழுந்த பிறகு யார் அவனிடம் ஒரு மணி வார்க்கக் கொடுப்பார்கள்?

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை. நான் வேலையிலிருந்து விடைபெற்ற வாரம் அவள் கேட்டாள்: "அக்கா, இப்பம் டிராயிங்கக் கம்ப்யூட்டர் உள்ள போட்டா அதுவே வலை பின்னுது, அதுவே மணல விடுது, எங்க தேயும்னு சிவப்பு நிறத்துல காட்டியும் தருது. அப்பம் அந்தக் காலத்துல நீங்க இவ்வளவு பேரு இருந்து என்னத்தச் செய்தீங்க?" கேலிதான். ஆனால் நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தேன், அவளுடைய பஸ் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றவள். அம்மா படுத்தபடுக்கை, வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் தையல், பாறசாலையில் கொஞ்சம் டைப்ரைட்டிங். டைப்ரைட்டிங் பரீட்சை எழுதவில்லை, தோற்றுவிடுவேன் என்று பயம். அந்த நிலைமையில்தான் சத்தியநேசன் ஸாரிடம் கடிதம் அடிக்கச் சேர்ந்தேன். அவர் வெளியூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கேரளத்துக்குள் எல்லையோரம் இருக்கும் அமரவிளையில், மெயின் ரோட்டோரம் ஓர் உரக்கடையின் மாடி எங்கள் ஆபீஸ். பழைய கம்பெனி அவருக்கு வேலை அனுப்பும். அந்த வேலைக்காகவே, தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்குப்போட்டுக் காட்டுகிற மென்பொருளையும் கொடுத்து வைத்திருந்தது. கம்ப்யூட்டரின் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு செருகியிருந்தால்தான் அது ஓடும். அந்தப் பூட்டு தொலைந்தால் என் ஆயுள் சம்பளமும் போதாது என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து கை கழுவப் போய் வந்தாலும் கம்ப்யூட்டரின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

கடிதத்திலிருந்து எண்களுக்கு மாறினேன். இம்பெல்லரின் ஒவ்வோர் இறக்கையையும் புள்ளி புள்ளியாக அளந்து, ஒவ்வொரு புள்ளி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளிகளை இணைத்து வலை பின்ன வேண்டும். ஒரு எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விட்டுப்போனால் இறக்கை மீன் வால் மாதிரி மடங்கிப் போகும். நான் அடித்ததை அச்செடுத்து, கடைசி வரியிலிருந்து முதல் வரிக்கு, கீழிருந்து மேலாக வாசிப்பேன். மேலிருந்து வாசித்தால் மனசு முந்திக்கொண்டு தானே நிரப்பிக்கொள்ளும், கீழிருந்து வாசித்தால் அதற்கு வழியில்லை. இதை யாரும் சொல்லித் தரவில்லை, பயம் சொல்லித் தந்தது.

ஸாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் "தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "ஒருக்கா கூடி" என்பார். அதாவது, இன்னொரு தடவை. கடிதத்தில் பிழை என்றாலும் ஒருக்கா கூடி, டீயில் சீனி குறைந்தாலும் ஒருக்கா கூடி. உண்மையிலேயே பெரிய காரியம் என்றால் மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதைக் கண்டால் நாங்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம். கணக்கு ஓடும்போது உட்காரவே மாட்டார். உரக்கடைக்காரர் கீழேயிருந்து, "ஸாரே, கம்ப்யூட்டருக்குப் பேறு வலியா? நடந்து நடந்து எனக்க மச்சு இளகுது" என்று சத்தம் போடுவார்.

சுற்றுகிற சாமானைக் கம்ப்யூட்டரில் எப்படிச் சுற்ற வைப்பது என்று நான் கேட்டபோது ஸார் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"சரோஜம், நீ ராட்டினத்துல கேறினது உண்டா?"

"இல்ல ஸார். பயம்."

"கேறினதா நினச்சுக்க. சுத்துறப்பம் ஒனக்கு ராட்டினம் நிக்குது, ஊராக்கும் சுத்துது. இல்லியா?"

"எனக்குத் தல சுத்தும் ஸார்."

"அதாக்கும் காரியம்! அந்தத் தலச்சுத்தையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கணும்."

அதுதான் அந்த வேலையின் உயிர். கம்ப்யூட்டருக்குள் இம்பெல்லர் சுற்றாது. நாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது தண்ணீரையும் அதில் வரும் துகளையும் ஏதோ ஒன்று வெளிப்பக்கமாகத் தள்ளும், பக்கவாட்டில் இழுக்கும். அந்தத் தள்ளலையும் இழுப்பையும் மறக்காமல் கணக்கில் சேர்க்க வேண்டும். துகள் என்ன வேகத்தில் உள்ளே வருகிறது என்பதையும் கரையில் நிற்கிறவன் கண்ணால் சொல்லக் கூடாது, இம்பெல்லர் மேல் இருக்கிறவன் கண்ணால் சொல்ல வேண்டும். மாறிப்போனால் துகள், சுற்றாமல் நிற்கிற சுவரில் போய் இடித்த கணக்காகிவிடும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதில் சந்தேகம் வராமல் இருக்க ஒரு மாத்திரைப் பாட்டில் மூடியை மேசையில் வைத்திருந்தேன். அதைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் குறியைப் போடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் பிற்பாதி. ஒருநாள் கேசவன் அண்ணன் மாடிப்படி ஏறி வந்து, சாக்கில் சுற்றிய ஓர் இம்பெல்லரை ஸாரின் மேசையில் வைத்தார். இறக்கைகளின் முனை கரையான் தின்ற ஓலை மாதிரி இருந்தது.

"பாருங்க ஸாரே. ஒரு வாழை குலைக்க முன்ன இது தீந்து போவுது. நாங்க ஏத்தனுக்கு வெள்ளம் விடவா, கொல்லத்துக்கு ஒரு வெங்கலம் வாங்கவா?"

எங்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர், ஏத்தன் என்றால் நேந்திர வாழை, கொல்லம் என்றால் வருடம். ஸார் இம்பெல்லரைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆரு வார்த்தது?"

"மணியன். தனுவச்சபுரத்துப் பக்கம். கண்ட ஓட்டப் பாத்திரத்தையும் உருக்கிச் சேக்குதான்னு ஆளுக சொல்லுது. வார்ப்புலதான் கள்ளம்னா சொல்லிருங்க, நாங்க வெளியூருக் கம்பெனிப் பம்பு வாங்கிப் போடுதோம். வெள்ளத்தில உள்ள குத்தம்னா அதயும் சொல்லுங்க. எழுதிக் குடுங்க, கமிட்டி கேக்கும்."

"கேசவா, அந்த மேசையில இருக்குறது மணியனுக்க அக்காவாக்கும்."

கேசவன் அண்ணன் என்னைப் பார்த்தார். வெட்கப்படவில்லை. "அதுக்கு நான் என்ன செய்ய? உள்ளதச் சொன்னேன்."

அவர் போன பிறகு நான் ஸாரிடம் போய் நின்றேன். "ஸார், இத வேற ஆரையாவது கொண்டு அடிக்கச் சொல்லுங்க. எனக்கக் கூடப்பிறந்தவனாக்கும். நாளைக்கு ஆளுக என்ன பேசும்?"

"ஆளுக பேசும். ஆனா நீ அடிச்சதத்தான் நான் நம்புவேன். நீ ஒனக்கே விட்டுக்குடுக்காதவ" என்றார் ஸார்.

மணியன் தேயாத புது இம்பெல்லர் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தான். அதை அட்டை வெட்டி அளந்தோம். தடித்த அட்டையில்லை, மாத்திரை டப்பா அட்டை. இறக்கையின் வளைவோடு பொருந்தும்வரை வெட்டி, பொருந்தியதைக் காகிதத்தில் வைத்து வரைந்து, புள்ளிகளை எடுக்க வேண்டும். அனில் பம்ப் ஹவுஸுக்குப் போனான். அவன் திருவனந்தபுரம் டவுனில் வளர்ந்தவன், வீட்டில் மலையாளம் மட்டும். நல்ல படிப்பு, நல்ல பிள்ளை, எதையும் பாதியில் விடாதவன். மழை விட்ட நேரம், ஆறு சிவந்து கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் என்ன வருகிறது என்று செல்லப்பன் அண்ணனிடம் கேட்டிருக்கிறான்.

"மண்ணு கேறி வருது ஸாரே. மண்ணாக்கும் எல்லாத்துக்கும் காரணம்."

அனில் கலங்கிய ஆற்றைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், கரையில் இடிந்து விழுந்து கிடந்த செம்மண்ணை ஒரு பாட்டில் நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். ஆபீஸ் ஜன்னலில் உலர்த்திச் சலித்தான். துகள் எவ்வளவு சிறியது என்று கண்டுபிடித்துக் கொடுத்தான். நான் அடித்தேன்.

கணக்கு ஓடிய நாளில் கரண்ட் போய்ப் போய் வந்தது. யு.பி.எஸ். கூவும்போதெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன், எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்காருவேன். கடைசியில் திரையில் துகள்களின் பாதை நூல் நூலாக விழுந்தது. எல்லா நூலும் இறக்கையை ஒட்டி அழகாக வளைந்து, மறுபக்கம் வெளியே போய்விட்டன. அங்கொன்று இங்கொன்று மட்டும் லேசாக உரசியது.

அனில் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்: "சேச்சீ, ஒண்ணும் முட்டுந்நில்லல்லோ."

ஒன்றும் மோதவில்லை. மோதவில்லை என்றால் தண்ணீர் தின்னவில்லை. தண்ணீர் தின்னவில்லை என்றால் வெண்கலம் மோசம்.

அத்தனை எண்ணையும் கீழிருந்து மேலாக வாசித்தேன். பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தேன். தள்ளலும் இழுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பிழை கிடைத்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வீட்டில் சாப்பாட்டுக்கு இலை போடும்போது மணியன் கேட்டான். "என்ன அக்கா, கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"இன்னும் தீரல்லடே."

"தீராத மூஞ்சியா இது? சொல்லுறதச் சொல்லட்டு. நான் ஓட்டப் பாத்திரம் சேக்கல்ல. எனக்குப் பேடியில்ல, ஒரு பயமும் இல்ல." சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவன் திரும்பி இலைக்கு வரவேயில்லை.

மறுநாள் கேசவன் அண்ணன் ரிப்போர்ட் கேட்டு வந்தார். ஸார் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"கேசவா, கம்ப்யூட்டர் ஒண்ணும் முட்டல்லன்னு சொல்லுது."

"அப்பம் வார்ப்புலதான் கள்ளம்."

"நில்லு. நீ கொண்டு வந்த இறக்கையில முன்பக்கம் மட்டுமாக்கும் தேஞ்சிருக்கு, பின்பக்கம் அப்படியே இருக்கு. வெங்கலம் கெட்டதுன்னா எல்லாப் பக்கமும் கெடணும், இல்லியா? கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, இறக்கை வேற ஒண்ணு சொல்லுது. ஒருத்தன் பொய் சொல்லுதான். எழுதிக் குடுக்க முன்ன அந்த இறக்கைகிட்ட ஒருக்கா கூடிக் கேக்கணும்."

"எப்படிக் கேப்பீங்க?"

"பெயின்ட் அடிச்சு."

கேசவன் அண்ணன் சிரித்துவிட்டார். "பம்புக்குக் கல்யாணமா ஸாரே, பெயின்ட் அடிக்க?"

ஆனாலும் ஒத்துக்கொண்டார். மணியனின் புது இம்பெல்லருக்கு முதலில் மஞ்சள், அது நன்றாகக் காய்ந்த பிறகு சிவப்பு, அதற்கு மேல் பச்சை. பச்சை போய்ச் சிவப்புத் தெரிந்தால் கொஞ்சம் உரசல், மஞ்சள் தெரிந்தால் கூடுதல், வெண்கலமே தெரிந்தால் நல்ல அடி. மணியன் கையால் தொடக் கூடாது என்று ஸார் சொல்லிவிட்டார், பிறகு யாரும் வாய் பேசக் கூடாது என்பதற்காக. அனில்தான் அடித்தான். சட்டையிலும் அடித்துக்கொண்டான். இம்பெல்லரைப் பம்பில் மாட்டி, வாழைக்கு வழக்கம்போல் தண்ணீர் விட்டார்கள். சில நாள் கழித்து நாங்கள் எல்லாரும் பம்ப் ஹவுஸுக்குப் போனோம். முதலில் சொன்ன அந்த ஏழு பேர்.

செல்லப்பன் அண்ணன் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை இழுத்தார். உள்ளே தேங்கிய தண்ணீர் எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு ஓடியது. இம்பெல்லரை வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். மணியன் வாசல் பக்கம் திரும்பி ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இறக்கைகளின் பின்பக்கம் பச்சை மாறாமல் இருந்தது. முன் முனையில் பெயின்டே இல்லை, வெறும் வெண்கலம் பளபளத்தது. அங்கிருந்து தள்ளுகிற பக்கத்தில் ஒரு வால் மாதிரி நீண்டு, நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு, பிறகுதான் பச்சை. ஸார் விரலால் அந்த வாலைத் தடவினார்.

"அடிக்குது. நல்லா அடிக்குது."

"பெயின்ட் வெள்ளத்துல எளகும் ஸாரே" என்றார் கேசவன் அண்ணன். "எனக்க மதிலுல ஒரு மழைக்கு எளகிப் போச்சு."

"அப்பம் பின்பக்கம் எளகாதது என்ன? அங்க வேற வெள்ளமா போவுது?"

கேசவன் அண்ணன் பின்பக்கத்துப் பச்சையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பொருளாளர் தலையை ஆட்டினார். மணியன் திரும்பிப் பார்த்தான். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பாதிதான் வந்தது, ஏனென்றால் கம்ப்யூட்டர் ஏன் அப்படிச் சொன்னது என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தால் கமிட்டி எதை நம்பும்?

அனில் பம்பின் முன்னால் குந்தியிருந்தான். முகம் வாடிப்போயிருந்தது. "செல்லப்பண்ணா, ஆ மண்ணு எவிடே?" என்று கேட்டான். அந்த மண் எங்கே?

"இதா கெடக்கு, கண்ணு தெரியல்லியா?" செல்லப்பன் அண்ணன் ஒரு சிரட்டையால் பம்பின் அடியிலிருந்து வழித்து அவன் உள்ளங்கையில் கொட்டினார். ஈரம் வடிந்ததும் அது வெயிலில் மின்னியது. பரபரவென்று, குருணை குருணையாக.

"இது மணலல்லே!" என்றான் அனில். இது மணல் ஆயிற்றே!

"மண்ணாக்கும்."

"மண்ணல்ல அண்ணா, மணல்!"

"ஸாரே, மணலும் மண்ணுதானே. ஆத்து மண்ணு. ஒங்க ஊருல வீடு கெட்டுறது பின்ன எதக் கொண்டு? அவலக் கொண்டா?"

"அப்போ ஞான் எடுத்த சுவந்ந மண்ணு?"

"அது செம்மண்ணு. அதக் கொண்டு போய் என்ன செய்தீங்க, கத்தரிக்கா நட்டீங்களா?"

முதலில் சிரித்தது கேசவன் அண்ணன்தான். பிறகு ஸார். அனிலும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய மலையாளத்தில் மண்ணு என்றால் மண், மணல் என்றால் மணல். எங்கள் ஊர்ப் பேச்சில் ஆற்றிலிருந்து வாரி வருவதும் மண்ணுதான். மேல்பக்கம் மணல் வாரத் தொடங்கிய காலம் அது, ஆற்றின் அடி கலங்கி எல்லாம் பம்புக்கு வந்துகொண்டிருந்தது. செல்லப்பன் அண்ணனும் உள்ளதைத்தான் சொன்னார், அனிலும் கேட்டதைத்தான் அள்ளினான். எங்கள் வீட்டுச் சுவர் கட்டும்போது "ரெண்டு லோடு மண்ணு போடணும்" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பூட்டுக்குப் பயந்தேன், கரண்டுக்குப் பயந்தேன், கழித்தல் குறிக்குப் பயந்தேன். நாள் தவறாமல் வாயில் புழங்கும் ஒரு சொல்லுக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

ஸார் தன் கைக்குட்டையை விரித்தார். "அதுல கெட்டு செல்லப்பா. ஒருக்கா கூடிப் பாப்பம்."

ஆபீஸில் மணலைக் கழுவி, உலர்த்தி, சலித்தோம். ஸார் ஒரே கட்டளை போட்டார்: "மண்ணத் தவிர வேற ஒண்ணையும் தொடப்பிடாது." வலை அதே வலை, வேகம் அதே வேகம், தலைச்சுற்றும் அதேதான். துகளின் அளவை மட்டும் மாற்றி அடித்தேன். ஒரே ஒரு எண். அதைக் கீழிருந்து மேலாக வாசிக்க வழியில்லாமல், நாலு தடவை அப்படியே வாசித்தேன்.

இம்முறை நூல்கள் அழகாக வளையவில்லை. தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வரும் பஸ் வளைவில் திரும்பும்போது என்ன நடக்கும்? ஒல்லிப் பையன் கம்பியைப் பிடித்து பஸ்ஸோடு திரும்பிவிடுவான். மூட்டை சுமந்து நிற்கிறவன் நேராகப் போய் எதிரே இருப்பவன் மேல் விழுவான். செம்மண் தண்ணீரோடு திரும்பிவிட்டது. மணலுக்குத் திரும்ப முடியவில்லை. முனையில் போய் முட்டியது, தெறித்தது, தள்ளுகிற பக்கத்தில் மறுபடி முட்டியது. முட்டிய இடமெல்லாம் திரையில் புள்ளி விழுந்தது. புள்ளிகள் சேர்ந்து ஒரு வால் ஆயிற்று. அனில் பெயின்ட் அடித்த இம்பெல்லரைத் தூக்கிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தான். அதே வால்.

முழுக்க அதே இல்லை. இறக்கைகளைத் தாங்குகிற பின்தட்டை ஒட்டிய இடத்தில் பெயின்ட் நன்றாகப் போயிருந்தது, கம்ப்யூட்டர் அங்கே கொஞ்சம்தான் காட்டியது. அதை விட்டுவிடலாமா என்று அனில் கேட்டான். ஸார் சொன்னார்: "ஒத்துப்போகாததையும் எழுது. அப்பந்தான் வாசிக்குறவன் ஒத்துப்போனத நம்புவான்."

கமிட்டிக் கூட்டத்தில் ஸார் ரிப்போர்ட்டை வாசிக்கவில்லை. இம்பெல்லரையும் கைக்குட்டை மணலையும் மேசையில் வைத்தார். "மணியன் வார்த்தது நல்ல வெங்கலமாக்கும். நீங்க அத ராப்பகலா உப்புத்தாள வச்சு ஒரைக்குறீங்க."

கேசவன் அண்ணன் எழுந்தார். "மணியன் கள்ளனில்ல. செரி, நான் சொன்னது தப்பு. ஆனா ஸாரே, காரணம் தெரிஞ்சா வாழைக்கு வெள்ளம் கிட்டுமா? அடுத்த இம்பெல்லரும் தேயத்தானே செய்யும்?"

அது நல்ல கேள்வி. மணியனுக்குப் பேர் திரும்பக் கிடைத்துவிட்டது. பிழைப்புத் திரும்பவில்லை. தேய்கிற இம்பெல்லரை எந்தக் கமிட்டி எத்தனை தடவை வாங்கும்? அதனால் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. பம்புக்கு முன்னால் செங்கலால் ஒரு தொட்டி கட்டி, தண்ணீர் அதில் கொஞ்சம் நின்று வந்தால் பெரிய மணல் அடியில் தங்கிவிடும். மிச்சம் வருகிற மணலைக் கணக்கில் விட்டு, இறக்கையின் முனையை எவ்வளவு தடிப்பாக்கலாம் என்று பார்த்தோம். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் தீரும், ரொம்பத் தடித்தால் தண்ணீருக்கே வழி அடைபடும். ஒவ்வொரு முனைக்கும் புதுப் புள்ளிகள் அடித்தேன். மணியன் மாலையில் ஆபீஸுக்கு வந்து எனக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பான். "அக்கா, அந்த மூணாவதுக்கு எனக்கு அச்சு கெட்ட முடியாது, உள்ள மண்ணு நிக்காது" என்பான். "எந்த மண்ணு?" என்று அனில் உடனே கேட்பான். அது ஆபீஸில் பெரிய பகடியாகிவிட்டது. வார்க்கிற அச்சுக்கு வேண்டிய மண்ணு வேறு.

தொட்டியைக் கமிட்டிக்காரர்களே ஆளுக்கு ஒரு பக்கமாகக் கட்டினார்கள். வாய் திறக்காத பொருளாளர் கொத்து வேலை தெரிந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. மணியன் புது முனை வைத்த இம்பெல்லரை வார்த்தான். நான் அந்த வருடம் முழுக்க, பம்ப் ஹவுஸ் பக்கத்திலிருந்து யாராவது ரோட்டில் வேகமாக வந்தால் பம்ப் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

வாழை வெட்டி முடிந்ததும் பம்பைத் திறக்கும்போது எங்களையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மணியன் மாற்றுவதற்கு ஒரு புது இம்பெல்லரைச் சாக்கில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு வந்தான். செல்லப்பன் அண்ணன் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்ததை வெளியே எடுத்துத் தன் தோர்த்துத் துண்டால் துடைத்தார். முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது, வெண்கலம் பளபளவென்றிருந்தது, ஆனால் எந்த இறக்கையிலும் பொக்கை இல்லை. அடிப்பக்கத்தில் மணியன் அரம் போட்ட கோடுகூட அழியாமல் இருந்தது.

கேசவன் அண்ணன் குனிந்து ஒவ்வோர் இறக்கையாக விரலை ஓட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"எலே மணியா, ஒனக்கச் சாக்குல என்ன?"

"புதுசு அண்ணே. மாத்துறதுக்கு."

"அதத் திருப்பிக் கொண்டு போ. செல்லப்பா, இதயே மாட்டு."

மணியன் விற்காத இம்பெல்லரைத் தூக்கி மறுபடி கேரியரில் வைத்துக் கட்டினான். முகத்தைப் பார்த்தால் லாட்டரி அடித்தவன் மாதிரி இருந்தது. கயிறு தளர்வாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. "லே, இறுக்கிக் கெட்டு. ரோடு முழுக்கக் குழியாக்கும், எங்கயாவது விழுந்து ஒடஞ்சிரும்" என்றேன்.

அவன் சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னான்: "விழட்டும் அக்கா. இனி அடுத்த வருஷத்துக்குத்தானே வேணும்."